பொட்டு வச்ச மோட்டார்

மங்களம் அக்காவுக்கு ரெண்டு கையிலயும் விரல் நுனி தேஞ்சு போச்சு. கைரேகைன்னு ஒண்ணு கிடையாது. மலேசியாவுல ஜொகூர் போயிட்டு சிங்கப்பூர் திரும்பும்போது செக்பாயின்ட் மெஷின்ல அக்கா கட்டைவிரலை வச்சு அழுத்தும். மெஷின் சிவப்பு லைட்டு போடும். தொடைச்சிட்டு மறுபடி வைக்கும், மறுபடி சிவப்பு. கடைசியில ஒரு ஆபீசர் வந்து தனியா கூட்டிட்டுப் போவாரு. மளிகைப் பையைத் தூக்கிக்கிட்டு பின்னாடி நிக்கிற எனக்குத்தான் மானம் போகும். "என்ன பண்றது வித்யா, கல்லு தின்னுடுச்சு"ன்னு அது பாட்டுக்கு சிரிச்சிக்கிட்டே வரும்.

கல்லுன்னா சாணைக்கல்லு. அக்கா கத்தி சாணை பிடிக்குது. தேக்கா மார்க்கெட் ஆட்டுக்கறிக் கடைக்காரங்க, மீன் கடைக்காரங்க, சிராங்கூன் ரோடு ஹோட்டல் சமையல்காரங்க, முடி வெட்டுற கடை ஆளுங்கன்னு எல்லாரும் அதுகிட்டதான் வருவாங்க. லாவண்டர் பக்கம் பழைய ஃபேக்டரி பிளாக்ல கீழ்த்தளத்துல ஒரு சின்ன கடை. உள்ள ஒரே ஒரு மெஷின். மாவாட்டுற கல்லை நிமித்தி நிறுத்தினாப்ல பெரிய வட்டக்கல்லு, பாதி தண்ணித் தொட்டிக்குள்ள இருக்கும். கீழ தரையில ஒரு மோட்டார். மோட்டார் சுத்தினா பெல்ட்டு இழுக்கும், பெல்ட்டு இழுத்தா கல்லு சுத்தும். அவ்வளவுதான்.

நாங்க ரெண்டு பேரும் பெண்டமியர்ல எதிர் எதிர் வீடு. நான் கல்யாணமாகி வந்ததுலேருந்து அக்காவைப் பாத்துக்கிட்டிருக்கேன். இங்கயே பொறந்து வளந்த ஆளு. படிப்பு ஏறல. ரேடியோ பாகம் செய்யுற ஃபேக்டரியில லைன்ல நின்னுச்சு. அவங்க மூட்டை கட்டிக்கிட்டு இந்தோனேசியாவுல பாத்தாம் தீவுப் பக்கம் போனதும் வீட்டுல உக்காந்துச்சு. "சும்மா உக்காந்து டிவியை முறைக்காம கடைக்கு வந்து கத்தியாவது தொடைச்சுக் குடு"ன்னு புருஷன் நடேசன் அண்ணன் கூப்பிட்டாரு. தொடைக்கப் போன ஆளு கொஞ்ச நாள்ல கல்லு முன்னாடி உக்காந்துடுச்சு. அண்ணன் தீட்டினதைவிட அக்கா தீட்டின கத்தி ரொம்ப நாள் வெட்டுதுன்னு கறிக்கடைக்காரங்களே சொல்ல ஆரம்பிச்சாங்க. அண்ணனுக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனாலும் கல்லை விட்டுக் குடுத்துட்டாரு.

உடனே அக்காவுக்கு அந்தத் தொழில் மேல உசுருன்னு நினைச்சுக்காதீங்க. நான் ஒரு நாள் கேட்டேன். "ஆசையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. முதுகு வலிக்குது, தண்ணி தெறிச்சுத் தெறிச்சு கால் ஊறிப் போவுது. ஆனா காலையில கதவைப் பூட்டிட்டு கிளம்பினா எங்க போற, எப்ப வருவேன்னு கேக்க ஆளில்ல பாரு, அது புடிச்சிருக்கு"ன்னுச்சு. எனக்கு அன்னிக்கு கொஞ்சம் பொறாமையா இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. நான் முட்டை வாங்கக் கீழ போனாக்கூட எங்க வீட்டுல அறிக்கை குடுத்துட்டுத்தான் போகணும்.

அக்கா கடைக்குப் போகாத ஒரு நாள் நடேசன் அண்ணன் கடையிலயே போயிட்டாரு. மாரடைப்பு. ஒரே பையன் சுரேந்தர்தான் போய்ப் பாத்தான். அவன் கப்பல் கம்பெனி ஆபீசுல வேலை பாக்குறான். பொங்கோல்ல வீடு, பொண்டாட்டி திவ்யதர்ஷினி, ஒரு குழந்தை. கருமாதி அன்னிக்கு சொந்தக்காரங்க எல்லாரும் இருக்கும்போதே, "மா, கடையை மூடிட்டு எங்ககூட வந்துடு"ன்னான். அக்கா அப்ப அழுது ஓய்ஞ்சு உக்காந்திருந்துச்சு. சண்டை போடத் தெம்பில்ல. "மெஷின் ஓடுற வரைக்கும் ஓட்டிக்கிறேன்டா. அது நின்னுடுச்சுன்னா அன்னிக்கே வந்துடுறேன்"ன்னுச்சு. பெரியவங்க எல்லாம் சரிதான்னு தலையாட்டினாங்க. பாயசத்தை உறிஞ்சிக்கிட்டே தலையாட்டுறதுல என்ன கஷ்டம்? மெஷின் அப்ப நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு. நம்மளுக்கு முன்னாடி அது நிக்காதுன்னு அக்காவுக்கு நினைப்பு.

போன வருஷம் தீபாவளிக்கு முன்னாடி அது நின்னுடுச்சு.

தீபாவளின்னா கறிக்கடைக்காரங்களுக்குத் தலைபோற வேலை. ஆயுத பூஜை முடிஞ்சதுமே கத்திங்க கூடை கூடையா வந்து குவியும். அன்னிக்கு அக்காவுக்கு சோறு கொண்டு போயிருந்தேன். பேசிக்கிட்டே இருக்கும்போது மோட்டார் உறுமுச்சு, ரப்பர் கருகின நாத்தம் வந்துச்சு, புகை. அக்கா ஓடிப்போய் சுவிட்சை அணைச்சிச்சு. கல்லு மெதுவா, ரொம்ப மெதுவா சுத்தி நின்னுச்சு. அக்கா என்ன நினைக்குதுன்னு எனக்குத் தெரியும், நான் என்ன நினைக்கிறேன்னு அதுக்கும் தெரியும்.

"ஸ்பேனரை எடு"ன்னுச்சு.

நாங்களே போல்ட்டைக் கழட்டினோம். மோட்டார் என்னா கனம்! ரெண்டு பொம்பளைங்க உருட்டி உருட்டி கதவோரம் கொண்டு வந்து வச்சோம். காலையில ஆளைப் புடிச்சு ஜாலான் புசார்ல காயில் கட்டுற கடைக்குக் கொண்டு போயிடலாம்னு முடிவு. இதுல அக்கா பண்ண ஒரே முட்டாள்தனம், அந்த விஷயத்தை மகனுக்கு வாட்சாப்ல சொன்னது. மறைச்சு வைக்கத் தெரியாத ஜென்மம்.

காலையில நாங்க போனா கதவோரம் மோட்டார் இல்ல. தரையில எண்ணெய்க் கறை மட்டும் இருக்கு. சுரேந்தர் எங்களுக்கு முன்னாடியே வந்து கடையைப் பெருக்கிக்கிட்டிருக்கான். தொட்டித் தண்ணியைக்கூட இறைச்சு ஊத்திட்டான்.

"டேய், மோட்டார் எங்க?"

"காராங்கூனி ஆள் வெளிய ஹாரன் அடிச்சிட்டுப் போனாரு மா. குடுத்துட்டேன். எரிஞ்சு போனதுதானே. சனிக்கிழமை லாரி சொல்லியிருக்கேன், உன் சாமான் எல்லாம் எடுத்துடலாம். திவ்யா ரூம் ரெடி பண்ணிட்டா."

பழைய பேப்பர், பழைய இரும்பு எடுக்குற ஆள்கிட்ட அப்பன் மோட்டாரைத் தூக்கிக் குடுத்துட்டு சாதாரணமா விளக்கமாத்தோட நிக்கிறான். நானா இருந்தா அந்த விளக்கமாத்தையே புடுங்கியிருப்பேன். அக்கா கத்தல. கத்திக் கூடையைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு.

"வித்யா, ஜாலான் புசார் போயிட்டு வருவோம்"ன்னுச்சு.

"எதுக்கு மா? நின்னுடுச்சுல்ல?"ன்னான் அவன்.

அக்கா செருப்பை மாட்டிக்கிச்சு.

ஜாலான் புசார்ல ஒரு சந்துக்குள்ள அப்துல் முத்தலிப் கடை. மோட்டாருக்குக் காயில் கட்டுறவரு. நடேசன் அண்ணனுக்குப் பழக்கம். கடை முழுக்க மோட்டாருங்க, உக்கார இடமில்ல. ஒரு மோட்டார் மேலயே துணியைப் போட்டு, "உக்காருங்கக்கா, இது கடிக்காது"ன்னாரு.

அக்கா விஷயத்தைச் சொல்லுச்சு. "அதே மாதிரி ஒண்ணு வேணும்."

"அதே மாதிரின்னா? தகட்டுல என்ன எழுதியிருந்துச்சு? மோட்டார் உடம்புல சின்னதா ஒரு தகடு ஒட்டியிருப்பான்ல, அது."

"தெரியலயே."

"போட்டோ கீட்டோ இருக்கா?"

இருந்துச்சு. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அக்கா போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பும். போன்ல ஒண்ணொண்ணா தள்ளிக் காமிச்சுச்சு. மெஷினுக்கு மாலை, கல்லுக்கு விபூதிப் பட்டை, மோட்டாருக்கு சந்தனம், அதுக்கு மேல குங்குமம். முத்தலிப் பாய் கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டுப் பாத்தாரு. இந்த வருஷம், அதுக்கு முந்தின வருஷம், அதுக்கும் முந்தினது. எல்லாப் போட்டோவுலயும் பொட்டு கரெக்டா அந்தத் தகட்டு மேலதான் இருக்கு.

"என்னக்கா, இவ்ளோ பெரிய மோட்டார்ல வேற இடமே கிடைக்கலயா?"

"அதுதானே பாய் நெத்தி மாதிரி இருக்கும்."

"சரி, பொட்டுக்கு அடியில எழுத்து இருந்திருக்கும்ல? துடைச்சப்ப பாத்திருப்பீங்களே?"

அக்கா கொஞ்சம் தயங்குச்சு. "ஒவ்வொரு வருஷமும் பழசைத் தேங்கா நாரால நல்லாத் தேச்சுட்டுத்தான் பாய் புதுசு வைப்பேன். தகடு பளபளன்னு இருக்கும். எழுத்துன்னு ஒண்ணும் ஞாபகமில்ல."

"பளபளன்னு இருக்கும், ஏன் இருக்காது! எழுத்தையும் சேத்துல்ல தேச்சிருக்கீங்க."

எனக்குப் பொறுமை போச்சு. "குத்துமதிப்பா ஒண்ணு குடுங்க பாய்"ன்னேன்.

"குத்துமதிப்பா குடுக்க இது கொத்தமல்லியாம்மா?" சிரிச்சுக்கிட்டே சொன்னவரு அப்புறம் சிரிக்கல. "மெதுவா சுத்துற மோட்டார் இருக்கு, அதைப்போல ரெண்டு மடங்கு வேகத்துல சுத்துறதும் இருக்கு. வெளிய பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும். மெதுவா சுத்த வேண்டிய கல்லை வேகமானதுல மாட்டினா கல்லு வெடிக்கும். அக்கா அதுக்கு நேரா மூஞ்சியை வச்சுல்ல உக்காருது. பழைய மோட்டாரைக் கொண்டு வாங்க, எரிஞ்சிருந்தாலும் பரவால்ல. உள்ள காயிலை எண்ணினா வேகம் தெரிஞ்சிடும். இல்லன்னா நான் தரமாட்டேன். வேற எவனாவது தருவான். அவன்கிட்டயும் வாங்காதீங்க."

வெளிய வந்து அக்கா மகனுக்குப் போன் போட்டுச்சு. "அந்த காராங்கூனி ஆள் நம்பர் இருந்தா அனுப்பு." அவ்வளவுதான் சொல்லுச்சு, வச்சிடுச்சு. ஏன் எதுக்குன்னு கேக்காம அவனும் அனுப்பிட்டான். அது எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. அவன் மனசுக்குள்ள எதுவோ குத்தியிருக்கணும்.

காராங்கூனி ஆள் ஒரு சீன அங்கிள். அக்கா மலாய்லயும் இங்கிலீஷ்லயும் கலந்து பேசிச்சு. இரும்பு எல்லாம் கிராஞ்சி பக்கம் ஒரு பழைய சாமான் யார்டுக்குப் போயிடுச்சாம். அங்க மோட்டாரை வெட்டி செம்புக் கம்பியைத் தனியா உருவிடுவாங்களாம். "யூ கோ ஃபாஸ்ட் லா, ஆன்ட்டி"ன்னாரு.

வீட்டுக்குப் போய் என் மார்க்கெட் டிராலியை எடுத்துக்கிட்டு வந்தேன். காய்கறிக்கு வாங்கின டிராலி. இதுக்குப் போய் எடுக்குறோமேன்னு வயிறு எரிஞ்சது.

கிராஞ்சி எம்.ஆர்.டி. ரயில் ஸ்டேஷன்ல இறங்கினா பஸ் வர்ற மாதிரி தெரியல. வெயில் மண்டையைப் பொளக்குது. ஊழியர் விடுதிப் பக்கமிருந்து பசங்களை ஏத்திக்கிட்டு லாரிங்க போகுது, எங்களைப் பாத்து, ரெண்டு ஆன்ட்டிங்க காலி டிராலியோட எங்க போறாங்கன்னு ஒருத்தனுக்கொருத்தன் காமிச்சிக்கிறானுங்க. கடைசியில பஸ் வந்துச்சு. அதுல ஏறி இறங்கி, அங்கேருந்து நடை. அக்கா வழி முழுக்க வாயே திறக்கல. ஒரே ஒரு தடவை மட்டும், "வெட்டியிருப்பானுங்களா வித்யா?"ன்னுச்சு.

"எனக்கென்ன ஜோசியமா தெரியும்? நட."

யார்டுன்னா மலை மாதிரி குமிஞ்சு கிடக்குது. ஃபேன், வாஷிங் மெஷின், சைக்கிள், ஏர்கான் பெட்டி. ஒரு பக்கம் மோட்டார் மட்டும் தனிக்குவியல். அதைப் பாத்ததும் எனக்கு நம்பிக்கை விட்டுப் போச்சு. எல்லாம் ஒரே மாதிரி கறுப்பா, எண்ணெய் வழிஞ்சு. சுத்தியல் சத்தம் காதைக் கிழிக்குது. முதலாளி கண்ணாடி ரூமுக்குள்ள போன்ல இருக்காரு. வேலை செஞ்சிட்டிருந்த ஒரு ஆள் எங்களைப் பாத்து சுத்தியலைக் கீழ வச்சான்.

"யாரைம்மா பாக்கணும்?" நம்ம ஊரு பேச்சு.

பேரு ரத்னவேலாம். அறந்தாங்கிக்காரன். அக்கா விஷயத்தைச் சொல்ல ஆரம்பிச்சிச்சு. மோட்டார், இவ்ளோ உசரம், பச்சைப் பெயின்ட்டு அங்கங்க உரிஞ்சிருக்கும்னு சொல்லிக்கிட்டே இருக்கு. அவன் இடையில கேட்டான்.

"பொட்டு வச்சிருந்துச்சா?"

அக்கா வாய் அப்படியே நின்னுடுச்சு.

அவன் எங்களைக் கூட்டிட்டுப் போய் தகரக் கொட்டாய்க்குப் பின்னாடி காமிச்சான். ஒரு மரப்பலகை மேல தனியா வச்சிருக்கான். மேல ஒரு சாக்கு வேற போத்தி வச்சிருக்கான். சாக்கை எடுத்தான். காஞ்சு போன சந்தனம், நடுவுல குங்குமம். அக்கா தொடக்கூட இல்ல, பாத்துக்கிட்டே நின்னுச்சு.

"காலையிலயே வந்துடுச்சும்மா. கையில உளியை எடுத்துட்டேன். திருப்பிப் போட்டா பொட்டு வச்சு சாமி கும்பிட்ட சாமானா இருக்கு. வெட்டக் கை வரல. முதலாளி கேட்டா இதோ வெட்டுறேன் இதோ வெட்டுறேன்னு இழுத்துக்கிட்டிருக்கேன்."

"எத்தனை நாளைக்கு இழுக்குறதா இருந்தீங்க?"ன்னேன் நான்.

"அதை நான் யோசிக்கலக்கா"ன்னு தலையைச் சொறிஞ்சான்.

முதலாளி தராசுல போட்டு இரும்பு விலைக்குக் குடுத்துட்டாரு. ரத்னவேல் டிராலியில தூக்கி வச்சான். அக்கா அவனை, "ஊர்ல யாரு தம்பி இருக்கா?"ன்னு கேட்டுச்சு. "அம்மா மட்டும்தான். தனியா இருக்கு. அண்ணன் வீட்டுக்குப் போன்னா போகமாட்டேங்குது"ன்னான். அக்கா ஒரு மாதிரி பாத்துச்சு. "போகலன்னா விட்டுடுங்க"ன்னு மட்டும் சொல்லுச்சு. என் டிராலியோட சக்கரம் ஒண்ணு யார்டு வாசல்லயே உடைஞ்சு போச்சு. அதுக்கப்புறம் டாக்சிதான்.

முத்தலிப் பாய் எங்க முன்னாடியே மோட்டாரைத் திறந்தாரு. பின்பக்க மூடியைக் கழட்டினதும் உள்ளேருந்து கறுப்பா பொடிப்பொடியா எதுவோ கொட்டுச்சு. விரல்ல எடுத்துத் தேச்சுப் பாத்தாரு, மோந்து பாத்தாரு.

"பூ"ன்னாரு.

உதிரிப்பூ. ஒவ்வொரு வருஷமும் அர்ச்சனை பண்றப்ப மோட்டார் மேல போட்ட பூவை, பூஜை முடிஞ்சதும் நல்லதுக்குன்னு மெஷினை ஒரு சுத்து ஓட விடுறப்ப பின்னாடி ஓட்டை வழியா உள்ள இழுத்துக்கிச்சு. அதோட விபூதியும் எண்ணெயும் சேந்து களி மாதிரி இறுகிப் போயிருக்கு. "காத்து போற வழி மொத்தமும் அடைச்சிருக்கு. சூடு வெளிய போக முடியாம எரிஞ்சிருக்கு. வேற ஒரு கோளாறும் இல்ல. நல்ல மோட்டார்க்கா இது."

அக்கா அந்தக் கறுப்புப் பொடியையே பாத்துக்கிட்டிருந்துச்சு. "அவரு போனப்புறம் நான் கூடைப் பூ போட ஆரம்பிச்சேன்"ன்னுச்சு. "அவரு இருந்தப்ப ஒரு முழம் மாலைதான்."

பாய் அந்தப் பொடியை ஒரு பேப்பர்ல கூட்டி ஓரமா வச்சாரு. என் வாய்க்கே அன்னிக்கு வேலை இல்லாம போச்சு.

காயிலை எண்ணிப் பாத்து, மெதுவா சுத்துற ரகம்னாரு. மறுபடி காயில் கட்டுறதுக்கு உள்ள இரும்பே வெந்து போயிருக்கு, வேண்டாம்னாரு. ஒரு ரொட்டிக் கடையை மூடினப்ப மாவு பிசையுற மெஷின்லேருந்து வந்த மோட்டார் ஒண்ணு மூலையில கிடந்துச்சு. அதே வேகம், அதே பலம். பழைய மோட்டார்ல இருந்த சின்ன பெல்ட்டுச் சக்கரத்தைக் கழட்டி இதுல மாட்டினாரு, சரியா உக்காந்துச்சு. மறுநாள் தானே கொண்டு வந்து பொருத்தித் தர்றேன்னாரு.

மறுநாள் பாய் தரையில குந்தி போல்ட்டை முறுக்கிக்கிட்டிருக்கும்போது சுரேந்தர் வந்தான். ஆபீஸ் சட்டையோட நேரா வந்திருக்கான். மோட்டாரைப் பாத்தான்.

"மா, நீ சொன்ன வார்த்தை என்ன?"

"மெஷின் நின்னா வந்துடுறேன்னு சொன்னேன்."

"நின்னுச்சா இல்லையா?"

"நின்னுச்சு. நான் வரலடா." அக்கா முந்தானையில கையைத் தொடைச்சுக்கிச்சு. "சொன்னேன், இப்ப மாத்துறேன். எல்லார் முன்னாடியும் சொன்னதுதானே, எல்லார்கிட்டயும் உங்கம்மா பொய்க்காரின்னு சொல்லிக்கோ. எனக்கு ஒண்ணும் இல்ல."

"எங்க வீடு அவ்ளோ மோசமா?"

"மோசம்னு எவன் சொன்னான்? உன் பொண்டாட்டி நல்லவ. ஆனா அங்க ரெண்டு நாள் தங்கினாக்கூட, நான் பாத்ரூம்ல கொஞ்சம் லேட்டானா வந்து கதவைத் தட்டுறா. மத்தியானம் கொஞ்சம் கண்ணை மூடினா மூக்குகிட்ட கை வச்சுப் பாக்குறா. அந்தத் தட்டலுக்குப் பயந்து நான் அவசர அவசரமா குளிச்சிட்டு வரேன்டா. இந்த வயசுல."

"தட்டச் சொன்னதே நான்தான்."

அவன் குரல் மாறிப் போச்சு. பாய் ஸ்பேனரை நிறுத்திட்டாரு. நான் வெளிய போயிடலாமான்னு பாத்தேன், வழியில அவன் நிக்கிறான்.

"அன்னிக்கு நான் அப்பாவைப் பாக்க வந்தேன்ல, மா. ஷட்டர் பாதி இறக்கியிருந்துச்சு. உள்ள மெஷின் ஓடுற சத்தம் கேட்டுச்சு. அப்பா வேலையா இருக்காருன்னு நினைச்சிட்டு வெளிய நின்னு ஆபீஸ் போன் பேசிட்டிருந்தேன். ரொம்ப நேரம் பேசினேன். சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, அதனால உள்ள குனிஞ்சுகூடப் பாக்கல. அந்த நேரமெல்லாம் அவரு கீழதான் கிடந்திருக்காரு. நான் முன்னாடியே போயிருந்தா... டாக்டர் ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல. அந்த மோட்டாரைப் பாத்தாலே எனக்கு... அதான் காராங்கூனிக்குக் குடுத்தேன். நீ வரணும்னு மட்டும் இல்ல. அது போய்த் தொலையணும்னு."

இத்தனை வருஷத்துல அவன் இதை யாருகிட்டயும் சொல்லல. பொண்டாட்டிகிட்டயாவது சொன்னானான்னு தெரியல. அக்காவுக்குத் தெரியாதுங்கிறது மட்டும் அது மூஞ்சியைப் பாத்ததுமே தெரிஞ்சுது. உக்காந்திருந்த முக்காலியிலேருந்து எழுந்திரிச்சுச்சு. மகனை அணைச்சுக்கிச்சுன்னு எழுத ஆசைதான். அப்படியெல்லாம் நடக்கல. அது பக்கத்துல போய் அவன் சட்டைக் காலரைச் சரி பண்ணிச்சு. சரியாத்தான் இருந்துச்சு, இருந்தும் பண்ணிச்சு.

"இதை மனசுல வச்சுக்கிட்டாடா சுத்திக்கிட்டிருந்த?"

அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

பாய்தான் தொண்டையைக் கனைச்சாரு. "நான் ஒண்ணு சொல்லலாமா? கால்ல மிதிக்கிற சுவிட்ச் இருக்கு தம்பி. தையல் மெஷினுக்கு இருக்கும்ல, அது மாதிரி. மிதிச்சிக்கிட்டிருக்கிற வரைக்கும்தான் மோட்டார் ஓடும். காலை எடுத்தா கரென்ட்டு போயிடும், மோட்டார் நின்னுடும்."

அவரு விளக்கம் சொல்லல, சொல்லவும் தேவையில்ல.

சுரேந்தர்தான் கேட்டான். "இப்பவே போட முடியுமா?"

பாய் கடைக்குப் போய் எடுத்துட்டு வந்தாரு. போட்டு முடிக்கிற வரைக்கும் சுரேந்தர் ஆபீசுக்குப் போகல. தொட்டிக்கு அவனே தண்ணி தூக்கி ஊத்தினான், தான் இறைச்சுக் கொட்டின தொட்டி. முடிஞ்சதும் அம்மாவை உக்கார விடாம அவனே மிதிச்சான். கல்லு சுத்துச்சு. காலை எடுத்தான். நின்னுச்சு. மறுபடி மிதிச்சான், மறுபடி எடுத்தான். ஷூ காலால, ஆபீஸ் பேண்டு நனைய நனைய, திரும்பத் திரும்பப் பண்ணிக்கிட்டே இருந்தான். அக்கா அவனை அவன் போக்குல விட்டுச்சு. கடைசியில அவன் தோளைப் புடிச்சு நகத்திட்டு, தான் உக்காந்து மிதிச்சுச்சு.

"இங்க பாரு. சத்தம் கேட்டா நான் இருக்கேன்னு அர்த்தம். நீ வெளிய நின்னு எவ்ளோ நேரம் வேணா போன் பேசிக்கோ. சத்தம் இல்லன்னா உள்ள வந்து பாரு. போதுமா?"

அவன் நனைஞ்ச பேண்டை உதறினான். "சனிக்கிழமை லாரி வேணாம்னு சொல்லிடுறேன்"ன்னான்.

தீபாவளிக்கு முன்னாடி அக்கா கத்தியெல்லாம் தீட்டிக் குடுத்துடுச்சு. மங்களம் சொன்ன வார்த்தையை மாத்திட்டாளாம்னு ஊர்ல ரெண்டு பேரு பேசினாங்க. கருமாதி பாயசம் குடிச்ச அதே ஆளுங்கதான். பேசட்டும். சுரேந்தர் கொஞ்ச நாள் வரல, அப்புறம் வர ஆரம்பிச்சான். இப்ப தினமும் மத்தியானம் போன் பண்றான். அந்த நேரத்துல நான் அங்க இருந்தா கேக்கணும் அக்கா புலம்பலை. போனை எடுக்கணும்னா காலை எடுக்கணும், காலை எடுத்தா கல்லு நிக்குது, மறுபடி கல்லு வேகம் புடிக்கிற வரைக்கும் கத்தியைக் கையில வச்சுக்கிட்டு தேமேன்னு உக்காரணும், இந்தப் பய வேலை செய்ய விடமாட்டேங்கிறான்னு திட்டும். திட்டிக்கிட்டே காலை எடுக்கும், தேஞ்ச விரலால போனை நாலு தடவை தட்டும், "இருக்கேன்டா, சொல்லு"ன்னும்.